கித்தாக் காட்டிலிருந்து ஒரு வளையம்

கோல கங்சாரில் நில அலுவலகத்தை ஒட்டி, வேலி போட்டுக் காக்கப்படும் ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளின் வழிவந்தது அது. முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, பேராக் ரெசிடென்ட் ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் மண்ணிறங்கின. இந்த மரத்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் அடுத்த வாக்கியத்திலேயே மோட்டார் டயருக்குத் தாவிவிடுவார்கள். ரப்பர் பால் வேறொரு வழியிலும் உலகம் சுற்றியது. கையுறையாக, ஆணுறையாக, சிறுநீர்க் குழாயாக, இறங்கிப்போன கர்ப்பப்பையைத் தாங்கும் வளையமாக அது போன இடங்களைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசக் கூசுவோம்.

கமுந்திங் என்றதும் மலேசியத் தமிழருக்கு முதலில் நினைவு வருவது தடுப்பு முகாம். 2007 டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அடைத்து வைத்தது அங்கேதான். தைப்பிங்கை ஒட்டிய அதே ஊரின் தொழிற்பேட்டையை மருத்துவ உலகம் வேறு காரணத்துக்காக அறியும். லேடெக்ஸ் பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் அங்கே கையுறை செய்தது. ருஷ் என்ற ஜெர்மன் பெயரில் விற்கும் ஃபோலி குழாய்களை டெலிஃப்ளெக்ஸ் என்ற அமெரிக்கக் குழுமத்தின் ஆலை அங்கேதான் செய்து வந்திருக்கிறது. ஃபிரெடெரிக் ஃபோலி 1930-களில் வடிவமைத்த குழாய் அது. நுனியில் சிறு பலூன் இருக்கும். சிறுநீர்ப்பைக்குள் போனதும் பலூனில் நீரேற்றினால் குழாய் நழுவாது. சிசேரியன் ஆன எந்தத் தாயைக் கேட்டாலும் அதைத் தெரியும் என்பாள். எந்த மரத்தின் பாலில் செய்தது என்று மட்டும் கேட்டிருக்க மாட்டாள்.

ஆணுறைக்கு ஜொகூருக்குப் போக வேண்டும். பொந்தியானில் ஆலை வைத்திருக்கும் கேரெக்ஸ், ஆண்டுக்கு 500 கோடிக்கு மேல் ஆணுறை செய்யும் நிறுவனம். உலகில் புழங்கும் ஆணுறைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அவர்களுடையது. டுரியான் வாசனையிலும் நாசி லெமாக் வாசனையிலும்கூடச் செய்து பார்த்தார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலை மூடிய சில நாட்களில் 10 கோடி உறைகள் குறைந்துபோக, ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதாரத் திட்டங்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்று நிறுவனமே எச்சரித்தது. நம் ஊர் ஆலை ஒரு வாரம் நின்றால் இன்னொரு கண்டத்தின் படுக்கையறை வரை அது எட்டும்.

இதற்கெல்லாம் ஏன் ரப்பர்? மங்கில் வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் நீர். அந்த ரப்பரின் ஒவ்வொரு மூலக்கூறும் ஐசோப்ரீன் என்ற சிறு அலகு ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. இயல்பு நிலையில் சங்கிலிகள் சுருண்டு சிக்கிக் கிடக்கும். இழுத்தால் நிமிரும், விட்டால் மறுபடி சுருண்டுகொள்ளும். ஆனால் பச்சை ரப்பரில் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடிவிடுவதால் இழுத்தது இழுத்தபடியே நின்றுவிடும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் சங்கிலிக்குச் சங்கிலி அங்கங்கே முடிச்சு விழும். சார்ல்ஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றது இந்த முடிச்சுக்குத்தான். அதன்பின் ரப்பர் ஏழெட்டு மடங்கு நீண்டும் பழைய அளவுக்கே திரும்பியது. தோட்டத்து ஸ்டோரில் ஆசிட் ஊற்றி உறைய வைத்த ஷீட்டு டயருக்குப் போகும். ஆணுறைக்கும் குழாய்க்கும் பால் உறையவே கூடாது. அமோனியா சேர்த்து, வேகமாகச் சுழற்றி, ரப்பரின் பங்கை 60 விழுக்காடாக உயர்த்தி, அதில் அச்சை முக்கி எடுத்துச் சூட்டில் பதப்படுத்துவார்கள். நீளும், நீர் புகாது, கிருமியைத் தடுக்கும், மீண்டும் சுருங்கும். உடம்பில் இந்தக் குணங்கள் எல்லாம் தேவைப்படும் ஓர் இடம் உண்டென்றால் அது இடுப்பின் அடித்தளம்.

முன்னால் பூப்பெலும்பு, பின்னால் வால் எலும்பு. இரண்டுக்கும் நடுவே இடுப்பின் அடியில் தசையாலான ஒரு தளம் விரிந்திருக்கிறது. ஆயாக்கொட்டகையில் உத்தரத்திலிருந்து தொங்கிய தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் கட்டிய துணி, நடுவில் பாரம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றின் பாரமும் இந்தத் தசைத் தூளியில்தான். ஆனால் துணியில் இல்லாத ஒன்று இதில் உண்டு. சிறுநீர்த் தாரை, யோனி, ஆசனவாய் மூன்றும் இதைத் துளைத்துக்கொண்டு போகின்றன. எனவே தாங்குவது மட்டுமல்ல, வேண்டும்போது இறுக்கி மூடுவதும், வேண்டும்போது தளர்ந்து வழிவிடுவதும் இதன் வேலை. தும்மும்போது சிறுநீர் கசியாமல் காப்பதும், மலம் கழிக்கத் தளர்வதும், உடலுறவில் சுருங்கி விரிவதும் இதே தசைகள். முதுகுத் தண்டின் அடியிலிருந்து வரும் புடெண்டல் நரம்பு இவற்றில் பலவற்றை ஆள்கிறது.

பிரசவத்தில் குழந்தையின் தலை இந்தத் தளத்தைத் துளைத்துக்கொண்டு வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2004-இல் கணினி மாதிரி ஒன்றை அமைத்துக் கணக்கிட்டார்கள். நடுப்பகுதித் தசை தன் இயல்பான நீளத்தைப் போல் 3.26 மடங்கு நீள வேண்டியிருக்கிறது. எலும்போடு ஒட்டிய மற்றத் தசைகள் ஒன்றரை மடங்கைத் தாண்டினாலே காயப்படும். கந்தக முடிச்சுப் போட்ட ரப்பருக்கு 3.26 ஒரு பொருட்டே இல்லை. தசைக்கு அது எல்லைமீறல். பெரும்பாலான பெண்களுக்குத் தசை மெல்ல மீள்கிறது. சிலருக்குப் பூப்பெலும்பில் பற்றியிருக்கும் இடத்திலிருந்தே பிய்ந்துபோகிறது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் இது கூடுதல். அறுந்த இடத்தில் அடுத்த பிரசவம், அதற்கடுத்தது, பிறகு மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்து திசுக்கள் மெலிவது என்று வரிசையாக வரும்போது உறுப்புகள் கீழே சரிகின்றன. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, 80 வயதுக்குள் ஒன்பதில் ஒரு பெண் சரிவுக்கோ சிறுநீர்க் கசிவுக்கோ அறுவை செய்துகொள்கிறாள். ஒன்பதில் ஒருத்தி என்றால் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இருப்பாள்.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்கோ தாப்பாவுக்கோ பழைய தோட்டத்துக்குப் போங்கள். விடியுமுன் பெரட்டு. பிறகு மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான மரம். குனிந்தும் நிமிர்ந்தும் கத்தி போட்டு, வெயில் ஏறியதும் மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் இரு பக்கமும் வாளி மாட்டி ஸ்டோர்வரை நடை. பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி இடுப்புத் தளத்தில் இறங்குகிறது. திடமான தளம் அதைத் தாங்கும். பச்சை உடம்புக்காரியின் தளம் தாங்காது. பல பிள்ளைகள் பெற்று, சில வாரங்களிலேயே பால் வெட்டுக்குத் திரும்பிய பெண்களின் தலைமுறை அது. இன்று மலேசியாவில் தனியார் துறைத் தொழிலாளிக்குப் பேறுகால விடுப்பு 98 நாள். 2023 ஜனவரியில்தான் அது 60-லிருந்து உயர்ந்தது. கசிவையும் சரிவையும் வயதின் பங்காக எடுத்துக்கொண்டு, உள்ளே துணி மடித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் இருந்த பாட்டிமார்கள் பிறகு தோட்டம் துண்டாடப்பட்டதும், செம்பனைக்கு மாறியதும், ஈப்போவின் புந்தோங்குக்கும் குறைந்த விலை அடுக்குமாடிகளுக்கும் குடிவந்தார்கள். நாலு மாடி ஏறி இறங்குவதும் அந்தத் தளத்துக்குப் பாரம்தான்.

அவர்களுக்குத் தேவைப்பட்ட கருவி அப்போதே இருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துவது. சரிந்த கர்ப்பப்பையை ஏதாவது ஒன்றை வைத்து உள்ளேயே நிறுத்தும் யோசனை கிரேக்க மருத்துவர் காலத்தியது. பாதி மாதுளம் பழத்தை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிலடெல்பியாவின் ஹியூ லெனாக்ஸ் ஹாட்ஜ், குட்இயர் வழியில் கெட்டிப்படுத்திய ரப்பரை வளைத்து, யோனியின் உள்வளைவுக்குப் பொருந்தும் பெஸ்ஸரி என்ற தாங்கு கருவியைச் செய்தார். இன்றுள்ள வளையங்கள் ரப்பரை விட்டு விலகிவிட்டன. ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும், உள்ளேயே தங்கினால் நாற்றமும் பிடிக்கும். அதனால் சிலிக்கோனோ பிவிசியோ அந்த இடத்துக்கு வந்தது. வடிவம் மட்டும் பெரிதாக மாறவில்லை. மடக்கி உள்ளே விட்டால் விரிந்து, பூப்பெலும்புக்குப் பின்னால் தங்கி, மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். சரியான அளவு பொருந்திவிட்டால் போட்டிருப்பதே தெரியாது. வளைய வகையைப் போட்டுக்கொண்டே உடலுறவு கொள்ளலாம், விருப்பமில்லாவிட்டால் கழற்றியும் வைக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் இந்தக் கேள்வி எழாது என்று நினைத்துக்கொள்ளும் மருத்துவர்கள் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுவைக்கு ஈடாகுமா? நெதர்லாந்தில் 440 பெண்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்து நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. இரண்டு ஆண்டுக்குப் பின் நிலைமை மேம்பட்டதாகச் சொன்னவர்கள் அறுவைப் பக்கம் 81.5 விழுக்காடு, பெஸ்ஸரிப் பக்கம் 76.3. வளையம் சமம் என்று ஆய்வு நிறுவவில்லை, ஆனால் வளையத்தில் தொடங்கியவர்களில் நாலில் மூன்று பேருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த இரண்டு ஆண்டுக்குள் அறுவைக்கும் போயிருந்தார்கள். கிளினிக்குக்கு அலையாமல் பெண்களே கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2023-இல் வந்தது. வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசமில்லை, தொல்லைகள் குறைவு. நேபாளத்தில் இது நீதிமன்றம் வரை போனது. மலைப்பாதையில் பாரம் சுமக்கும் பெண்களுக்குக் கர்ப்பப்பைச் சரிவு அங்கே பரவலாக இருப்பதால், அதைக் கவனிப்பது இனப்பெருக்க உரிமை சார்ந்த கடமை என்று 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. வளையம் கொடுப்பது அரசுத் திட்டத்தில் ஓர் அங்கம். தோட்டத்து டிஸ்பென்சரியில் நின்ற நம் பெண்களுக்கு நேபாளத்தின் சட்டமும் இல்லை, வளையமும் இல்லை.

தாங்குவது ஒரு வழி. தளத்தையே பலப்படுத்துவது இன்னொன்று. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய கெகல் பயிற்சிக்கு வித்து. அவர் பயிற்சியோடு ஒரு கருவியையும் தந்தார் என்பதை மறந்துவிட்டோம். பெரினியோமீட்டர் என்று பெயர். யோனிக்குள் வைக்கும் ரப்பர் காற்றறை, அதோடு சேர்ந்த அழுத்தமானி. தசையைச் சுருக்கினால் முள் ஏறும். பல பெண்களுக்கு அந்தத் தசை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, முள்ளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்பதே அவருடைய அனுபவம். நாலு ஆண்டு கழித்து, இதே தசைக்கும் பாலுறவு உணர்வுக்கும் உள்ள தொடர்பைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார். இன்று கைப்பேசியோடு புளூடூத்தில் இணைந்து, சுருக்கும்போதெல்லாம் திரையில் ஒரு புள்ளியை மேலே துள்ளவைக்கும் கருவிகளை விற்கிற நிறுவனங்கள் கெகலின் பேரப்பிள்ளைகள்தான்.

வாயால் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று 1991-இல் 47 பெண்களிடம் சோதித்தார்கள். பாதிப்பேர் மட்டுமே சரியாகச் சுருக்கினார்கள். கால்வாசிப் பேர் சுருக்குவதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கினார்கள், அது சரிவைக் கூட்டும். ஆகவே யாராவது, அல்லது எதுவாவது, சரிபார்க்க வேண்டும். அந்த ‘யாராவது’ பிசியோதெரபிஸ்டின் விரலாக இருந்தால் கருவி தேவையா? ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 600 பெண்களிடம் நடந்த ஆய்வு 2020-இல் விடை சொன்னது. முறையான பயிற்சி பெற்றவர்களும், அதோடு மின்கருவியும் பெற்றவர்களும் இரண்டு ஆண்டுக்குப் பின் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். வெறும் பயிற்சியின் பலமோ சாதாரணமானதல்ல. தும்மினால் இருமினால் கசியும் வகைக்கு, காக்ரேன் தொகுப்பாய்வில் குணமானதாகச் சொன்னவர்கள் பயிற்சிப் பக்கம் 56 விழுக்காடு, பயிற்சி பெறாத பக்கம் 6. காசு போட்டுக் கருவி வாங்கி அலமாரியில் வைப்பதைவிட, ஒரு மணி நேரம் நல்ல பிசியோவிடம் போவது மேல் என்பது என் தீர்ப்பு. பிசியோவே இல்லாத ஊரில் இருப்பவளுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது, அவளுக்கு முள்ளைக் காட்டும் கருவி உதவும்.

பினாங்கில் ஒரு நாற்காலியும் சோதனைக்கு வந்தது. உடையைக் கழற்றாமல் உட்கார்ந்தால் போதும். அடியிலுள்ள சுருளில் மின்சாரம் துடிக்கும்போது உண்டாகும் காந்தப்புலம் நரம்பைத் தூண்டித் தசையைச் சுருக்கும். யூஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 120 பெண்களில் பாதிப்பேரை உண்மையான நாற்காலியிலும், மீதியைப் பலனில்லாத போலி நாற்காலியிலும் அமர்த்தினார்கள். வாரம் இருமுறை, இரண்டு மாதம். 2017-இல் வெளிவந்த முடிவில் பலன் கண்டவர்கள் 75 விழுக்காடு, போலிப் பக்கம் 21.7. உள்ளே எதையும் விடவேண்டாம் என்பது நம் பெண்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஒப்பிட்டது போலி நாற்காலியோடு, பிசியோவின் பயிற்சியோடு அல்ல என்பதை விளம்பரத் துண்டறிக்கைகள் சொல்லாது.

ஆண்களை விட்டுவிட முடியாது. அவர்களுக்கும் அதே தளம், அதே நரம்பு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நாட்டின் சராசரி 18.3. சர்க்கரை நரம்பையும் நுண்ணிய ரத்தக் குழாயையும் அரிக்கும்போது விறைப்பு குறைகிறது. இதற்கு மாத்திரை வருவதற்கு வெகு முன்பே ஒரு கருவி வந்துவிட்டது, கொண்டுவந்தவர் ஒரு டயர் வியாபாரி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து கெடிங்ஸ் ஆஸ்பான், அறுபது வயதுக்கு மேல் தன் சொந்தத் தேவைக்காகக் காற்றை உறிஞ்சும் குழல் ஒன்றைச் செய்துகொண்டார். குழலுக்குள் காற்று குறைந்தால் ரத்தம் பாய்ந்து நிறையும், அடியில் ஒரு ரப்பர் வளையம் போட்டால் ரத்தம் திரும்பாமல் நிற்கும். 1982-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளாத நீரிழிவுக்காரருக்கும், புராஸ்டேட் அறுவை முடிந்தவருக்கும் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். வளையத்தை அரை மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தளர்வு மட்டுமே நோயல்ல. பெண்கள் சிலருக்குத் தசை இறுகித் தளர மறுக்கிறது. கல்யாணமாகிப் பல ஆண்டாகியும் உறவு முடியாமல், கோயில் கோயிலாகப் போய்க் கடைசியில் பிள்ளையில்லை என்று சிகிச்சைக்கு வந்து நிற்கும் தம்பதியரில் இவர்கள் இருக்கிறார்கள். இவர்களிடம் போய்க் கெகல் பயிற்சி செய் என்றால் நிலைமை மோசமாகும். மெல்லியதில் தொடங்கிப் படிப்படியாகப் பருமன் கூடும் டைலேட்டர் குச்சிகளும், மூச்சை விட்டுத் தளர்த்தக் கற்றுத்தரும் ஆளும்தான் மருந்து. கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த பெண்களுக்கும் இதே குச்சிகள் வேண்டும், இல்லாவிட்டால் யோனி சுருங்கி ஒட்டிக்கொள்ளும்.

கூச்சம் இருக்கும் இடத்தில் வியாபாரம் செழிக்கும். லேசர் போட்டு இளமை திரும்பும் என்று விற்றவர்களைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் பகிரங்கமாக எச்சரித்தது. தீக்காயம், தழும்பு, நீங்காத வலி என்று புகார்கள் வந்திருந்தன. சரிவுக்காக யோனி வழியே வைத்த வலைகளின் விற்பனையை 2019 ஏப்ரலில் அதே நிர்வாகம் நிறுத்தியது. பெரிய நிறுவனங்களின் சரக்கு அவை. மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் 737-ஆம் சட்டப்படி மருத்துவக் கருவி ஒவ்வொன்றும், ஆபத்தின் அளவுக்கேற்ப ஏ முதல் டி வரை வகைபிரித்து, மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இணையக் கடையில் வாங்குமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ஈப்போவில் இருப்பவர் தொடங்கவேண்டிய இடம் இணையக் கடையல்ல, பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவுக்குப் போகலாம். நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். ‘கீழே இறங்குது’ என்றோ ‘இருமினா நனையுது’ என்றோ சொன்னாலே மருத்துவருக்குப் புரியும். மூன்று கேள்விகளைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு எந்த வகைச் சரிவு, எந்த அளவு? வளையம் பொருந்துமா, அதை நானே கழற்றிப் போடச் சொல்லித் தருவீர்களா? தசைப் பயிற்சியை விரல் வைத்துச் சரிபார்க்கும் பிசியோவிடம் அனுப்புவீர்களா?